கோடி போகாத ஏரிக்கு மேளம்

1. ஏரி எங்கே?

வேலையில் சேர்ந்த முதல் நாள் நான் ஏரியைத் தேடினேன். தேடியது தப்பில்லை. ஏரிக்கு நடுவில் நின்றுகொண்டு தேடினேன், அதுதான் தப்பு.

பாசனப் பிரிவில் லஸ்கர் வேலை. இப்போது புதிதாகச் சேரும் பிள்ளைகள்கூட, "லஸ்கர்னா இன்னா மேடம், மிலிட்டரியா?" என்று கேட்கிறார்கள். மிலிட்டரி இல்லை. ஏரிக்கரையில் நடக்க வேண்டும். மதகைத் திறக்க வேண்டும், மூட வேண்டும். கரையில் நண்டுவளை இருந்தால் மண் போட்டு மிதிக்க வேண்டும். மழை பெய்தால் தண்ணீர் எந்த அளவுக்கு வந்திருக்கிறது என்று செக்ஷன் ஆபீசுக்குச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் பார்த்த வேலை. அவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். கம்பாஷனேட் அப்பாயின்ட்மென்ட்டில் அது எனக்குக் கிடைத்தது.

நான் பிறந்து வளர்ந்தது சித்தூர் மிஷன் காம்பவுண்டில். என் நைனா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், மிஷன் ஸ்கூலில் வாட்ச்மேன். தண்ணீர் என்றால் எனக்குக் குழாயில் வருவது; குழாயில் வராவிட்டால் டேங்கர் லாரியில் வருவது. ஏரியை பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்குச் சித்தூரில் பஸ் ஏறினேன். மலையேறும் காட் ரோட்டில் பஸ் மேலே போகப் போகக் காது அடைத்தது. பலமநேரில் இறங்கியபோது வேறு ஊர்க் காற்று. அங்கிருந்து ஷேர் ஆட்டோ. கையில் ஆபீசில் கொடுத்த மதகுச் சாவி. சாவி என்றதும் பூட்டுச் சாவி என்று நினைக்காதீர்கள். இரண்டு கையாலும் பிடித்துத் திருகுகிற இரும்புத் தடி அது. அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ஆட்டோக்காரர் வழிநெடுக வாயே திறக்கவில்லை.

ஊரின் பெயரைக் கொல்லமிட்டா என்று மாற்றி எழுதுகிறேன். உண்மைப் பெயரை எழுதினால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர்கள் சண்டை எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இறங்கினால் பரந்த வெட்டவெளி. கணுக்கால் உயரப் புல். தூரத்தில் பாறைக் குன்றுகள். ஒரு பக்கம் பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் குட்டையான வெள்ளை மாடுகள் மேய்ந்தன. ஒவ்வொன்றும் என் இடுப்பு உயரம்தான். மாட்டோடு ஒரு பெண், என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், தலையில் துண்டும் கையில் குச்சியுமாக நின்றாள்.

"அக்கா, ஏரிக்கு எப்படிப் போவணும்?" என்று கேட்டேன்.

அவள் என்னையும் இரும்புத் தடியையும் மேலும் கீழும் பார்த்தாள். "இன்னா வேலையா வந்துகீற?"

"நான்தான் புது லஸ்கர்."

"அய்ய! நீ நின்னுக்கினு கீறதே ஏரிதான்மா. பாத்து நட, சாணி மெதிச்சிட்ட."

ரத்தினம்மா எனக்கு அறிமுகமானது இப்படித்தான். அன்றைக்கே ஊர் முழுக்கச் செய்தி போய்விட்டது. "ஏரியில நின்னுக்கினு ஏரி எங்கன்னு கேட்ட லஸ்கரம்மா" என்று கடைசிவரை எனக்குப் பட்டம். மாதா மாதம் சம்பளம் வந்ததோ இல்லையோ, இந்தப் பட்டம் தவறாமல் வந்தது.

2. தண்ணீர் போகும் வழி, தண்ணீர் இல்லாத நாளில்

வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் இந்த மேட்டு நிலத்தைத்தான் காட்டுவேன். கீழே சித்தூர்ப் பக்கம் மாதிரி இல்லை. செம்மண், பாறை, நடுநடுவே தக்காளித் தோட்டம், ராகி, நிலக்கடலை. மழை கொஞ்சம்தான். அதனால் மனிதர்கள் மாட்டையும் ஆட்டையும் நம்பித்தான் இருக்கிறார்கள். காலையும் மாலையும் பால் வண்டி வரும். பால் வண்டி வராத நாள் இங்கே நல்ல நாள் இல்லை.

இங்கே ஆறு என்று பெரிதாக எதுவும் இல்லை. ஓடைகள்தான் உண்டு. ஓடையைத் தெலுங்கில் வங்க என்பார்கள், நாங்கள் வங்கை என்போம். வருஷத்தில் ஏதோ சில நாள் தண்ணீர் போகும். மற்ற நாளெல்லாம் அது ரோடு. டிராக்டர் அதில்தான் போகும், மாடு அதில்தான் நடக்கும், கல்யாணத்துக்குப் போகிறவர்கள் புங்கமர நிழலில் அதில்தான் நடந்து போவார்கள். ஒரு தடவை மைக்செட்காரன் வங்கை நடுவில் ஸ்பீக்கர் கட்டியதையே பார்த்திருக்கிறேன்.

ஏரிகள் ஒன்றுக்குக் கீழே ஒன்றாக இருக்கும். மேல் ஏரி நிரம்பினால் வழிகிற தண்ணீர் வங்கையில் இறங்கிக் கீழ் ஏரிக்கு வரும். அது நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்கு. ஏரி நிரம்பியதும் தண்ணீர் வெளியே போக, கரையின் ஓரத்தில் கல்லால் ஒரு வழி கட்டியிருப்பார்கள். அதற்குக் கோடி என்று பெயர். ஏரி வழிந்தால் "கோடி போவுது" என்பார்கள். அந்த மட்டம் தெரிவதற்கு நட்ட கல்லை நாங்கள் எஃப்.டி.எல். கல் என்போம். நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து அந்தக் கல்லின் தலையில் காக்கைதான் உட்கார்ந்திருந்தது. தண்ணீர் அதன் காலைக்கூடத் தொட்டதில்லை.

கோடி போவதைப் பற்றி ஊரில் இரண்டு வழக்கம் உண்டு. ஒன்று, ஏரி நிரம்பும் என்று யாரும் முன்கூட்டி வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் ஊர்த் தெய்வம் கங்கம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடுவாளாம். வானம் இருட்டிக்கொண்டு வந்தாலும், "இன்னா லஸ்கரம்மா, தூத்தல் போடும் போலகீது" என்பதோடு சரி. இரண்டாவது, தண்ணீர் கல்லைத் தொட்டதும் மேளம் அடிப்பார்கள். மேளம் கேட்டதும் எல்லாரும் மாட்டை அவிழ்த்து, நெற்றியில் மஞ்சள் பூசிக் கரைக்கு ஓட்டி வர வேண்டும். கோடியில் வழிகிற முதல் தண்ணீர் மாட்டுக்குத்தான், மனிதர்களுக்கு அப்புறம்தான். எந்த வீட்டு மாடு முதலில் வாய் வைக்கிறதோ, அந்த வீட்டுக்காரிதான் அந்த வருஷம் கங்கம்மாவுக்கு முதல் விளக்கு எடுப்பாள்.

கடைசியாகக் கோடி போனபோது முதலில் வாய் வைத்தது ரத்தினம்மாவின் மாமியார் வீட்டு மாடு. ரத்தினம்மா அப்போது கல்யாணமாகி வரவேயில்லை. ஆனாலும் அவள் சொல்வதைக் கேட்டால், தானே வாய் வைத்துக் குடித்ததுபோல் இருக்கும்.

3. நோட்டீஸ்

ரத்தினம்மா தன் மாட்டுக்கொட்டகையைக் கோடிக்கு நேர்கீழே, வழிகிற தண்ணீர் போக வேண்டிய கால்வாயில் போட்டிருந்தாள்.

பைத்தியக்காரத்தனம் என்று தோன்றும். அவளிடம் கேட்டால் அப்படித் தோன்றாது. இரண்டு பக்கமும் உயரமான கரை, அதனால் சுவர் வேண்டாம். கீழே மணல், அதனால் சேறு இல்லை, மாட்டுக் குளம்பு அழுகாது. மேலே புங்கமரம், அதனால் வெயில் இல்லை. கம்பம் நட்டுத் தகரம் போட்டு, கல்தொட்டி வைத்து, கன்றுக்கென்று தனியாக ஒரு மூலையும் ஒதுக்கியிருந்தாள். குட்டச்சி என்கிற வெள்ளைப் பசுதான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி. புருஷன் இல்லை, பிள்ளை பெங்களூரில். அந்த மாடுகள்தான் அவளுக்குச் சோறு, பேச்சுத்துணை எல்லாம்.

கால்வாய் புறம்போக்கு. கொட்டகையைக் காலி செய்யச் சொல்லி ஆபீசிலிருந்து நோட்டீஸ் வரும். கொண்டுபோய்க் கொடுப்பது நான். ஒவ்வொரு தடவையும் அவள் மோர் கொடுத்து உட்காரவைப்பாள். நோட்டீஸை வாங்குவாள். என் கண் முன்னாலேயே அடுப்பில் வைப்பாள்.

"எழுத்து நல்லா கீது எஸ்தரு. பத்திக்கவும் நல்லா பத்துது."

"அக்கா, தண்ணி வந்தா இன்னா பண்ணுவ?"

"எந்தத் தண்ணி? உங்க ஆபீஸ் ஜேசிபி வேணா வரும். நான் மாட்ட அவுத்துக்கினு போன மறுநிமிஷம் வந்து தகரத்தப் பிச்சிப் போட்டுடுவீங்க. எனக்குத் தெரியாதா? நான் இங்கயே கீறேன். என் மாடும் இங்கயே கீது."

அவள் சொன்னதில் உண்மையும் இருந்தது. ஜேசிபி பற்றி ஆபீசில் பேச்சு நடந்துகொண்டுதான் இருந்தது. அதனால் நான் மோரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன்.

4. போன்

அந்த வருஷம் கார்த்திகை மழை வேறு மாதிரி பெய்தது. விட்டு விட்டு இல்லை, விடாமல். ஏரிக்குள் நட்ட கிரிக்கெட் ஸ்டம்ப் மூழ்கியது. புல் மூழ்கியது. நான் சாணி மிதித்த இடம் எது என்றே தெரியாமல் போனது. எஃப்.டி.எல். கல்லின் மேலிருந்த காக்கை கொஞ்சம் யோசனையாக உட்கார்ந்திருந்தது. மதகு முழுக்கத் திறந்தாயிற்று. திருகித் திருகி என் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. அப்படியும் வெளியே போவதைவிட உள்ளே வருவது அதிகம்.

எங்கள் அசிஸ்டென்ட் இன்ஜினீயர் ஸ்ரவந்தி மேடம், சின்ன வயசு, திருப்பதியில் படித்தவர். மற்றவர்கள் போனில் அளவு கேட்பார்கள். இவர் நேரில் வந்து நனைவார். அன்றைக்கு அவர் ஜீப்போடு மேல் ஏரிக்குப் போயிருந்தார். போன பிறகு வங்கையில் தண்ணீர் வந்துவிட்டது, திரும்பி வர வழியில்லை. எங்கள் கரையில் ஒரே ஒரு பனைமரத்தடியில்தான் சிக்னல் கிடைக்கும். மத்தியானம் சோறு தின்றுவிட்டு அங்கே போய் நின்றதும் போன் அடித்தது.

"எஸ்தரம்மா! பை செருவு மரவ பாருதோந்தி!"

மேல் ஏரி கோடி போகிறது என்று அர்த்தம். மேடம் அவசரமென்றால் தெலுங்குக்குப் போய்விடுவார். பிறகு நிதானித்து, நடுவில் தமிழும் கலந்து சொன்னார். "வங்கை ஃபுல்லா வருதும்மா. பொழுது சாய்றதுக்குள்ள உங்க ஏரியும் மரவ போகும். கால்வாயில யாராவது இருக்காங்களா?"

"ரத்தினம்மாவும் மாடுங்களும் மேடம்."

"உடனே காலி பண்ணுங்க."

"அவ கேக்க மாட்டா மேடம்."

"நோட்டீஸ் கொடுத்திருக்கீங்க இல்ல?"

"குடுத்தேன். மோர் காய்ச்சிட்டா" என்று வாய்க்கு வந்ததை உளறினேன். மோரை யார் காய்ச்சுவார்கள்? மேடம் அதைக் கவனிக்கவில்லை. "போலீஸும் வர முடியாது, நானும் வர முடியாது. எஸ்தரம்மா, மீரே, நீங்களே ஏதோ ஒண்ணு செய்யணும்" என்றார். லைன் அறுந்துவிட்டது.

கால்வாய்க்கு ஓடினேன். ரத்தினம்மா கொட்டகையில் உட்கார்ந்து கன்றுக்குச் சாக்கு போர்த்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மேல ஏரி கோடி போவுது. தண்ணி வந்துக்கினு கீது. மாட்ட அவுரு."

"வந்துட்டியா? மழையில எங்கடா ஆளக் காணோமேன்னு பாத்தேன்."

"சத்தியமா சொல்றேன்க்கா."

"உங்க ஏசு மேல சத்தியம் பண்ணுவியா?"

"பண்றேன்."

"பண்ணுவ. கெவர்மென்ட் சம்பளம் வாங்கறவங்க எது மேலயும் பண்ணுவாங்க." கன்றின் காதைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "எஸ்தரு, நீ நல்லவதான். உன் ஆபீஸ் நல்லதில்ல. மாட்டோட சேத்து என்னையும் தள்ளிக்கினு போனாத்தான் உண்டு. நான் எழுந்திருக்க மாட்டேன்."

அவள் எழுந்திருக்க மாட்டாள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். மாட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்பாள், தண்ணீர் வந்தபிறகும். நினைத்தபோதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதால் வேலைக்கு ஆகாது. கரையேறி வந்தேன்.

5. எல்லப்பன் வீட்டில்

கரையேறும்போதுதான் அது தோன்றியது. நோட்டீஸ் ஆபீசுடையது. மேளம் ஊருடையது. ஊர் மேளத்தை அவள் சந்தேகப்பட மாட்டாள்.

மேளக்காரன் எல்லப்பன் வீட்டு வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னேன். அவன் காதைப் பொத்திக்கொண்டான்.

"லஸ்கரம்மா, வாயக் கழுவு! நெறையும்னு சொல்லக் கூடாது."

"நான் சொல்லல. நீ மோளத்த அடி, போதும்."

"தண்ணி கல்ல தொட்டுச்சா?"

"இன்னும் ஒரு முழம் கீழ கீது."

"அப்புறம் எப்படி அடிக்கிறது? பொய் மோளம் அடிச்சா கங்கம்மா இன்னா பண்ணும் தெரியுமா?"

"பாவம் என் தலையில."

"உனக்கின்னா, நீ சர்ச்சுக்குப் போறவ. கங்கம்மா உன்ன வுட்டுட்டு என்னத்தான புடிக்கும்!"

நியாயமான பயம்தான். எனக்குக் கோபம் வந்தது, பயமும் வந்தது, இரண்டும் சேர்ந்து வாயில் வந்தது. "இந்தா பாரு எல்லப்பா. அவ மாட்ட வுட்டு வர மாட்டா. நாளைக்கு ரத்தினம்மாவுக்குச் சாவு மோளம் அடிக்கிறியா, இல்ல இன்னிக்கு இந்த மோளத்த அடிக்கிறியா? ரெண்டும் நீதான் அடிக்கணும். எதுன்னு நீயே சொல்லு."

அவன் காதைப் பொத்திய கையை எடுத்தான். பிறகு உள்ளே போனான். மழையில் மேளத்தின் தோல் நனைந்து தொங்கியிருந்தது. அடுப்பில் காட்டிக் காய்ச்சினான். காய்ச்சும்போது, "கங்கம்மா, லஸ்கரம்மாதான் சொல்லிச்சு, லஸ்கரம்மாதான் சொல்லிச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தான்.

கரையில் ஏறி அடித்தான் பாருங்கள்! ஊரே வெளியே வந்தது. இத்தனை வருஷம் அடிக்காத அடியை யாரும் மறக்கவில்லை. பெரியவர்கள் கை கூப்பினார்கள். பெண்கள் மஞ்சளைக் கரைத்துக்கொண்டு ஓடினார்கள். கிழக்கு வீதியிலிருந்து ஜெர்சி மாடுகள் பெரிய மடியை ஆட்டிக்கொண்டு வரத் தொடங்கின. நான் கால்வாயை எட்டிப் பார்த்து, முடிந்தவரை அலட்சியமாகச் சொன்னேன்.

"அக்கா, நீ அங்கயே இரு. கிழக்கு வீதி மாடுங்க ஏறிக்கினு கீது."

ரத்தினம்மா எழுந்தாள். எழுந்தாள் என்று சொல்வது போதாது. அவள் கயிறுகளை அவிழ்த்த வேகத்தை நான் இன்னொரு தடவை பார்க்கப் போவதில்லை. "குட்டச்சி! ஓடு! அந்தப் பால்டப்பா மாடுங்க முந்திடப் போவுது!" என்று கத்திக்கொண்டு, கன்றை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மொத்தத்தையும் கரைமேல் ஏற்றிவிட்டாள். குட்டையான காலை வைத்துக்கொண்டு குட்டச்சி ஜெர்சிகளுக்கு நடுவே புகுந்து முன்னால் வந்து நின்றது.

நான் பனைமரத்தைப் பிடித்துக்கொண்டு ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். கொஞ்சம் சீக்கிரம் சொல்லிவிட்டேன்.

6. சண்டை

மழை நின்றுவிட்டது. அதோடு விட்டதா? வெயில் அடித்தது.

எல்லாரும் ஏரியைப் பார்த்தார்கள். தண்ணீர் கல்லுக்கு ஒரு முழம் கீழேயே நின்றது. அசையவில்லை. மாடுகள் கரைமேல் சாணி போட்டன. எல்லப்பன் அடிப்பதை நிறுத்திவிட்டு மேளத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். ஒவ்வொருவராக என் பக்கம் திரும்பினார்கள்.

"இன்னா லஸ்கரம்மா இது?"

"பொய் மோளமா?"

"ஏரியில நின்னுக்கினு ஏரி எங்கன்னு கேட்டவதான! அவளுக்கு இன்னா தெரியும்?"

ஒருத்தர் பனைமரத்தடிக்கே வந்து, போனை எடுத்து ஆபீஸ் வாட்ஸ்அப்புக்கே புகார் அனுப்பினார். இனி ஒரு பொட்டு மழை வராது, கங்கம்மா போய்விட்டாள் என்று ஒரு கிழவர் துண்டால் கண்ணைத் துடைத்தார். என் மானம் கப்பலேறியது. போகட்டும், மானம் நாளைக்குத் திரும்பி வரும். ஆனால் ரத்தினம்மா குட்டச்சியின் கயிற்றைப் பிடித்துக் கால்வாய்ப் பக்கம் திருப்பினாள்.

"தெரியும்டி எஸ்தரு. என்ன மேல ஏத்திட்டு ஜேசிபிய வரவெக்கிற திட்டம்தான? வா குட்டச்சி, போலாம்."

தடுத்தால் இன்னும் வேகமாகப் போவாள். கெஞ்சினாலும் அப்படித்தான். அவளை நிறுத்த ஒன்றே ஒன்றுதான் உண்டு. அவளிடம் யாராவது சண்டைக்கு வந்தால், முடிக்காமல் ஓர் அடி நகர மாட்டாள். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்.

"போ, போ. ஏரியில இல்லாத தண்ணியெல்லாம் உன் பாலுலதான கீது!"

பால்காரியைப் பார்த்துச் சொல்லக் கூடாத ஒன்று அது. அவள் கையிலிருந்த கயிறு நழுவியது. திரும்பினாள்.

"இன்னா சொன்ன?"

"காதுல உழலையா? தண்ணிப் பாலுன்னு சொன்னேன்."

"என் பாலா? என் குட்டச்சி பாலா? அது பாலு இல்லடி, நெய்யி! ஆடைய எடுத்து விரல்ல சுத்தலாம்!"

"விரல்ல சுத்தி இன்னா பண்றது, காப்பியில ஊத்துனா காப்பி கலரே மாறல."

"உன் காப்பிப் பொடி அப்படி! புளியங்கொட்டையப் பொடி பண்ணி ஊத்தறவளுக்கு என் பாலோட அருமை தெரியுமா? மிஷன் காம்பவுண்டுல உங்களுக்குப் பசு எது, எருமை எதுன்னு தெரியுமாடி?"

"தெரியும். தண்ணிய எது கறக்குதுன்னும் தெரியும்."

அவள் முந்தானையைச் சொருகினாள். அதற்கப்புறம் நடந்ததை எழுத முடியாது. என் பரம்பரையை அவள் சித்தூர் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனாள். நான் அவள் பரம்பரையைப் பெங்களூர் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனேன். ஊர் இரண்டாகப் பிரிந்து உட்கார்ந்துவிட்டது. தன் குட்டச்சியின் பால் கெட்டிதான் என்று சாட்சி சொல்ல ரத்தினம்மா நாலு பேரைக் கூப்பிட்டாள். அவர்களை நான் ஒவ்வொருவராகக் குறுக்கு விசாரணை செய்தேன். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. வாய் சண்டை போட்டுக்கொண்டிருந்தாலும் கண் மட்டும் வங்கை ஏரியில் சேரும் மூலையிலேயே இருந்தது. அங்கே ஒன்றும் தெரியவில்லை. ஏசுவே, இன்னும் எத்தனை கெட்ட வார்த்தைதான் நான் கண்டுபிடிப்பது!

"பதில் சொல்லுடி! வாயில இன்னா கொழக்கட்டையா?" என்று ரத்தினம்மா கத்திக்கொண்டிருந்தபோது, மாடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கின.

முதலில் வந்தது சத்தம்தான். வங்கை மூலையில் புங்க மரங்கள் ஆடின. அப்புறம் செம்மண் நிறத்தில், முள்ளும் விறகும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியுமாகத் தண்ணீர் ஏரிக்குள் இறங்கியது. ஏரி அகலம் முழுக்க மெதுவாக மேலே வந்தது. கல்லின் காலைத் தொட்டது, இடுப்பைத் தொட்டது. காக்கை எழுந்து பறந்தது. எல்லப்பன் ஒன்றும் கேட்காமல் மேளத்தை முன்னால் எடுத்தான்.

7. முதல் தண்ணீர்

கோடிக் கற்களின்மேல் முதலில் ஈரம் படர்ந்தது. பிறகு மெல்லிசாக ஒரு விரல் தண்ணீர் நழுவியது. ரத்தினம்மா சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு, "குட்டச்சி!" என்றாள். அது கழுத்தை நீட்டி வாய் வைத்தது. பெண்கள் குலவை போட்டார்கள். கிழக்கு வீதிக்காரர்கள்கூடப் போட்டார்கள்.

எல்லா மாடும் வாய் வைத்து முடிப்பதற்குள் தண்ணீர் கனத்துவிட்டது. மாட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். அப்புறம் கோடி போனது, இரைச்சல் என்றால் பக்கத்தில் நிற்பவரிடமும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. கீழே கால்வாயில் கொட்டகை தெரிந்தது. தகரம் முதலில் அடித்துக்கொண்டது. ஒரு கம்பம் சாய்ந்தது, இன்னொன்று சாய்ந்தது. கல்தொட்டியே புரண்டது. கன்றுக்கு ஒதுக்கிய மூலை இருந்த இடத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அங்கே கொட்டகை என்று எதுவும் இல்லை.

ரத்தினம்மா மாடுகளை எண்ணினாள். மறுபடி எண்ணினாள். கன்றைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் முகம் எப்படியோ ஆகிவிட்டது. நான் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

"தெரிஞ்சிதான் மோளம் அடிக்கச் சொன்னியா?"

"தெரியாதுக்கா. மேடம் சொன்னாங்க. வராம பூடுமோன்னு எனக்கும் பயம்தான்."

"பாலப் பத்திச் சொன்னது?"

"உன்ன நிக்க வெக்கத்தான்க்கா. உன் மோர வாரா வாரம் குடிக்கிறவ நான். உன் பாலுல தண்ணி கீதுன்னு என் வாய்தான் சொல்லும், மனசு சொல்லுமா?"

அவள் கோடி ஓரத்துக்குப் போனாள், குனிந்தாள், இரண்டு கையையும் குவித்துத் தண்ணீர் அள்ளினாள். சிந்தச் சிந்த என்னிடம் கொண்டுவந்து வாய்க்கு நேராக நீட்டினாள். செம்மண் கலந்து, ஒரு புங்க இலையும் மிதந்தது. அவள் கண்ணிலிருந்தும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கக் கை இல்லை.

"குடிடி. கத்திக் கத்தி உனக்கும் தொண்டை காஞ்சிருக்கும்."

நான் தயங்கியதைப் பார்த்துவிட்டு, "குடி, குடி. பால் கலக்காத தண்ணி" என்றாள்.

கரையே சிரித்தது. அழுதுகொண்டிருந்த கிழவரும் சிரித்தார். நான் அவள் கையில் வாய் வைத்துக் குடித்தேன். ஒரு சொட்டு விடாமல், இலையைத் துப்பிவிட்டுக் குடித்தேன்.

அடுத்த இரண்டு நாள் என் வயிறு என் பேச்சைக் கேட்கவில்லை. மெடிக்கல் லீவுக்குக் காரணம் கேட்டார் ஸ்ரவந்தி மேடம். சொன்னேன். சிரித்துவிட்டு சாங்ஷன் செய்தார். மேட்டில் கரையோரமாகக் கொட்டகைக்கு இடம் காட்டி, பஞ்சாயத்திலிருந்து தகரம் வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். ரத்தினம்மா இப்போதும் அந்த இடத்தைக் குறை சொல்கிறாள், அங்கே வெயிலாம்.

மெமோவும் வந்தது. வாட்ஸ்அப் புகார் மேலே போயிருந்தது. ஏரி நிரம்பும் முன்பே தவறான அறிவிப்பு செய்து பொதுமக்களைப் பதற்றப்படுத்தினேனாம். மேடம் எனக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "தவறான அறிவிப்பு அல்ல, முன்கூட்டிய அறிவிப்பு" என்று பதில் எழுதிக் கொடுத்தார்.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளே, உங்கள் போனில் வெள்ள அலர்ட் வருகிறது. நல்ல விஷயம்தான், எனக்கு அப்படி ஒன்று இருந்திருந்தால் பனைமரத்தைச் சுற்றியிருக்க வேண்டாம். ஆனால் அதை எல்லாருக்கும் ஃபார்வர்டு பண்ணிவிட்டு, சொல்லியாயிற்று என்று உட்காராதீர்கள். சொன்னது வேறு, அவர்கள் எழுந்து வந்தது வேறு. கால்வாயில் இருப்பவர் யார், எதைச் சொன்னால் எழுந்து ஓடி வருவார், எதைச் சொன்னால் நின்று சண்டை போடுவார், இதெல்லாம் வெயில் காலத்திலேயே போய் உட்கார்ந்து மோர் குடித்துத் தெரிந்துகொள்ளுங்கள். மழை நாளில் அதுதான் உங்கள் மதகுச் சாவி. மெமோ வந்தால் வரட்டும். மாடு கரையேறிய பிறகு பதில் எழுதிக்கொள்ளலாம்.